கோலா லிப்பிஸ் தங்கச் சுரங்கத்தில் சேமநிதிப் பணத்தைப் போடலாமா?

பினாங்கிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். பகாங்கில் கோலா லிப்பிஸ் அருகே 20 ஹெக்டேர் நிலத்தில் ஒரு சிறு நிறுவனம் தங்கச் சுரங்கம் தொடங்கப் போகிறது. நண்பர் ஒருவர் வழியாகப் பங்கு வாங்க அழைப்பு வந்திருக்கிறது. மின்னும் கல் ஒன்றையும், டன்னுக்கு 18 கிராம் தங்கம் என்று சொல்லும் ஆய்வுக்கூடச் சான்றிதழையும் காட்டியிருக்கிறார்கள். விளம்பரத் தாளில் ‘மலேசியாவின் கோலார்’ என்று அச்சிட்டிருக்கிறது. ஆறு மாதத்தில் உற்பத்தி தொடங்கும் என்றும் இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு கைக்கு வந்த சேமநிதியிலிருந்து 50,000 வெள்ளியை (ரிங்கிட்டை) போடலாமா, அங்கே உண்மையிலேயே தங்கம் இருக்கிறதா என்பது அவர் கேள்வி.

ஐயா, அங்கே தங்கம் இருக்கக்கூடும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களை அழைத்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் உள்ளபடி அறிய வேண்டியது, அந்தத் தங்கம் தோண்டும் செலவுக்கு மேல் மிஞ்சும் அளவில் இருக்கிறதா, அதை யார், எந்த முறையில் அளந்தார்கள் என்பதைத்தான். நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தேன். பகாங்கிலும் கிளந்தானிலும் பல ஆண்டுகள், நிலத்தில் துளையிட்டு எடுக்கும் துளைக் கற்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் வேலையில் இருந்தேன். இப்போது கோலாலம்பூரில் வசிக்கிறேன். உங்கள் நிலத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே அந்த 20 ஹெக்டேரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல என்னென்ன வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் ஏன் பகாங் என்று பார்ப்போம். தீபகற்ப மலேசியாவை நிலவியலாளர்கள் மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்று பட்டைகளாகப் பிரிக்கிறார்கள். மேற்குப் பட்டையில் பிரதான மலைத்தொடரின் கிரானைட்டும் அதைச் சார்ந்த வெள்ளீயமும் இருக்கின்றன. கிந்தா பள்ளத்தாக்கும் கோலாலம்பூரும் வெள்ளீயத்தால் வளர்ந்ததற்கும், அந்த வெள்ளீயத்தை உருக்கும் ஆலைகள் பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் எழுந்ததற்கும் இந்தப் பாறைகளே காரணம். கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் மலையேறி மறுபக்கம் பெந்தோங்கில் இறங்கினால் நிலத்தின் குணமே மாறிவிடுகிறது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, பெர்மியன், டிரையாசிக் காலங்களில், பழைய டெதிஸ் என்ற கடல் ஒடுங்கி மூடியது. அதன் இருபுறமும் இருந்த நிலத்துண்டுகள் மோதி ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டு ஓடும் கோட்டுக்குப் பெந்தோங்–ரவூப் தையல் மண்டலம் என்று பெயர். ஆழ்கடலில் படிந்த செர்ட் பாறை இன்று பகாங் சாலையோர வெட்டுகளில் தென்படுவது அதனால்தான். அதன் கிழக்கே நடுப் பட்டை; எரிமலைச் சாம்பற்பாறை, களிப்பாறை, சுண்ணாம்புக்கல் கலந்த நிலம். ரவூப், செலின்சிங், பெஞ்சோம், கிளந்தானின் சொக்கோர் ஆகிய தங்க இடங்கள் எல்லாம் இந்தப் பட்டையிலும் அதன் ஓரத்திலும் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஆகவே லிப்பிஸ் வட்டாரத்தில் ஒருவர் தங்கம் தேடுவதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. ஆனால் பட்டை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுடையது, உங்கள் நிலம் 20 ஹெக்டேர். பெயர் பெற்ற சுரங்கத்துக்குப் பக்கத்து நிலம் என்பது தேடத் தொடங்குவதற்கு நல்ல காரணம், அவ்வளவுதான்.

நிலத்துண்டுகள் மோதும்போது பாறைகளில் பெரிய பிளவுகள் உண்டாகின்றன. பல கிலோமீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், கார்பன் டை ஆக்சைடும் கந்தகமும் கலந்த நீர் அந்தப் பிளவுகள் வழியே மேலேறுகிறது. தங்கம் அந்த நீரில் கந்தகத்தோடு இணைந்து கரைந்து வருகிறது. அழுத்தம் திடீரென்று குறைந்தாலோ, இரும்பு நிறைந்த பாறையைத் தொட்டுக் கந்தகம் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமாகப் பிரிந்துபோனாலோ, தங்கத்தைத் தாங்கிப்பிடிக்க எதுவும் இல்லாமல் அது படிந்துவிடுகிறது. கூடவே வெண்ணிறக் குவார்ட்ஸும் படிந்து பிளவை அடைக்கிறது; இப்படி அடைபட்ட பிளவைத்தான் நரம்பு என்கிறோம். அடைத்த பிளவு மீண்டும் வெடிக்கிறது, மீண்டும் படிகிறது. இவ்வளவும் பெருமளவு உறுதியானது. அந்த நீர் எங்கிருந்து வந்தது, பாறைகள் வெந்து உருமாறும்போது கசிந்ததா அல்லது ஆழத்தில் குளிர்ந்த கிரானைட் குழம்பிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். உங்கள் முதலீட்டுக்கு அந்த வாதம் முக்கியமில்லை. முக்கியமானது வேறொன்று: பிளவு சீராகத் திறப்பதில்லை. ஓரிடத்தில் ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் தள்ளி விரற்கடை, அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. தங்கமும் அதற்குள் திட்டுத்திட்டாகவே இருக்கும்.

இங்கேதான் அந்தக் கோலார் ஒப்பீட்டின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் பகுதியிலிருந்தும் போன தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம் கோலார். அந்தப் பெயர் நம்மவர் நெஞ்சைத் தொடும் என்று தெரிந்தே யாரோ எழுதியிருக்கிறார்கள். கோலாரின் பாறைகள் 250 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை. அங்கே தங்கம் தாங்கிய நரம்புகள் கிலோமீட்டர் கணக்கில் தொடர்ந்தன. 1880களில் தொடங்கிய நவீனச் சுரங்கம் 2001இல் மூடப்படும்போது 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. அப்படிப்பட்ட தொடர்ச்சி உலகிலேயே சில இடங்களில்தான் உண்டு. மலேசியச் சரித்திரத்தில் ஒப்பிட வேண்டுமென்றால் ரவூப் இருக்கிறது. வில்லியம் பிப்பி என்பவர் 1889இல் தொடங்கிய முயற்சி அது. 1900வாக்கிலேயே செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டிச் சுரங்கத்துக்கு மின்சாரம் எடுத்தார்கள். 1960களின் தொடக்கம் வரை நடந்தது. நல்ல சுரங்கம்தான். ஆனால் இன்று ஆறு மாதத்தில் உற்பத்தி என்று பேசும் யாரும் அதைப்போல அணை கட்டவோ நிலத்தடிக்கு இறங்கவோ பணம் திரட்டுவதாகத் தெரியவில்லை.

இப்போது அந்தக் கல்லுக்கும் சான்றிதழுக்கும் வருகிறேன். மின்னும் கல்லை ஒதுக்கிவையுங்கள். இந்நாட்டுச் சுரங்கங்களில் நல்ல தாது என்று எடுக்கப்படும் கல்லில் பெரும்பாலும் கண்ணுக்குத் தங்கமே தெரியாது. பளபளப்பது பெரும்பாலும் பைரைட். ஊசியால் அழுத்தினால் பைரைட் நொறுங்கும், தங்கம் குழியும். பைரைட்டைத் தேய்த்தால் கரிய பொடி வரும். தங்கம் எந்தக் கோணத்தில் திருப்பினாலும் ஒரே மஞ்சளாக இருக்கும். கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் உள்ள எந்தப் பத்தரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

சான்றிதழ் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. 18 கிராம் என்ற எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது உண்மையாகவே இருந்து உங்களை ஏமாற்றலாம். ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தங்கமணி ஏறக்குறைய 10 மில்லிகிராம் எடை. இரண்டு கிலோ மாதிரியில் அப்படி ஒரே ஒரு மணி விழுந்திருந்தால், அந்த மாதிரி முழுவதும் சேர்ந்து டன்னுக்கு 5 கிராம் என்று காட்டும். பக்கத்தில் எடுத்த இரண்டு கிலோவில் மணி இல்லையென்றால் பூச்சியம். மணித்தங்கம் உள்ள நரம்புகளில் இந்த ஏற்ற இறக்கம்தான் எங்கள் தொழிலின் தீராத தலைவலி. அதிலும் ஒருவர் நிலத்தில் நடந்து, அழகான குவார்ட்ஸ் துண்டாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பியிருந்தால், அந்த எண் பொறுக்கியவரின் கண்ணைப் பற்றியே சொல்கிறது. சான்றிதழின் கீழே, மாதிரியை வாடிக்கையாளர் கொடுத்தார், முடிவு அந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்ற பொருளில் ஒரு வரி வழக்கமாக இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

சரி, 18 கிராம் முழு உண்மை என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். நரம்பு 40 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்ளுங்கள். மனிதனும் இயந்திரமும் நுழைய 1.2 மீட்டராவது வெட்டியாக வேண்டும். மீதி 80 சென்டிமீட்டர் வெறுங்கல். கலந்தபின் தரம் 6 கிராமாக இறங்கிவிடுகிறது. ஆலையில் 85 விழுக்காடு பிரிந்துவந்தால் கைக்கு வருவது 5.1 கிராம். ஒரு பவுன் 916 சங்கிலியில் இருக்கும் சுத்தத் தங்கம் ஏறக்குறைய 7.3 கிராம், அதற்கு ஒன்றரை டன் கல்லை உடைத்து அரைக்க வேண்டும். நரம்பு 100 மீட்டர் நீளம், 50 மீட்டர் ஆழம் சீராக ஓடுகிறது என்றால் கல் சுமார் 16,000 டன், எடுக்கக்கூடிய தங்கம் சுமார் 83 கிலோ. இன்றைய விலையால் பெருக்கிப் பார்த்தால் பெரிய தொகைதான் வரும். விளம்பரத் தாள் அந்தத் தொகையில்தான் நின்றுவிடுகிறது. ஆனால் ‘சீராக ஓடுகிறது’ என்று நான் எழுதிய அந்த இரண்டு சொற்களுக்கு ஆதாரம் எங்கே? நரம்பு பாதி நீளத்தில் மெலிந்து, சராசரித் தரம் 18 அல்ல 6 என்று ஆனால், 83 கிலோ 14 கிலோவாகச் சுருங்கும். சாலை, ஆலை, டீசல், சம்பளம், கழிவுக் குளம் எதுவும் சுருங்காது.

அந்த ஆதாரத்தைத் தருவது துளையிடுதல் ஒன்றுதான். முறையாகச் செய்பவர்கள் முதலில் ஓடைகளில் டூலாங் தட்டில் மணலை அலசுவார்கள். தங்கம் எந்த ஓடையில் தொடங்குகிறது என்று மேல்நோக்கித் தேடுவார்கள். பிறகு கட்டம் போட்டு மண் மாதிரி, பிறகு பள்ளம், கடைசியில் வைரமுனைத் துளை. துளையிலிருந்து வரும் உருளைக் கல்லை நீளவாக்கில் அறுத்து ஒரு பாதியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் எண்ணிட்டு வைப்பார்கள். அனுப்பும் மாதிரிகளுக்கு நடுவே தங்கமே இல்லாத கல்லையும், அளவு தெரிந்த தரக் கல்லையும், ஒரே மாதிரியின் இரட்டையையும் ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லாமல் நுழைப்பார்கள். இவையெல்லாம் அளவுகடந்த சந்தேகம் என்று தோன்றினால், 1997இல் நம் பக்கத்துக் கிழக்குக் கலிமந்தானில் புசாங் என்ற இடத்தில் நடந்ததை நினைவில் கொள்ளுங்கள். பிரி-எக்ஸ் என்ற கனடா நிறுவனம் உலகின் மிகப் பெரிய தங்கப் படிவுகளில் ஒன்று என்று அறிவித்திருந்தது. துளைக் கல்லில் பாதியை வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டு முழுவதையும் நொறுக்கி அனுப்பினார்கள்; மாதிரிப் பைகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் சேர்க்கப்பட்டிருந்தது. சுயேச்சையாக மீண்டும் துளையிட்டபோது பொருளாதார மதிப்புள்ள தங்கம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே கனடா தன் கனிம அறிக்கை விதிகளைக் கடுமையாக்கியது. கனிம வளத்தை எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிமுறை 1989 முதலே இருக்கிறது. அதன்படி ‘ஊகிக்கப்பட்ட’ வளம் என்பது மிகக் குறைந்த நம்பிக்கைப் படி, அதை வைத்து விரிவான சுரங்கத் திட்டம் தீட்ட அந்த நம்பிக்கை போதாது. உங்களிடம் காட்டிய ஆவணங்களில் இந்தப் படிகளின் பெயரே இல்லையென்றால், வளம் என்று சொல்ல அங்கே இன்னும் எதுவும் அளக்கப்படவில்லை.

பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் சிறு சுரங்கங்கள் பெரும்பாலும் இங்கேதான் மூச்சுத் திணறி நின்றுபோகின்றன. நம் மழையும் வெயிலும் மேற்பரப்பிலிருந்து சில பத்து மீட்டர் ஆழம் வரை பாறையைச் செம்மண்ணாக உளுத்துவிட்டிருக்கின்றன. அங்கே பைரைட் துருவாகிப் போனதால் அதற்குள் பூட்டிக் கிடந்த தங்கம் விடுபட்டிருக்கும்; தோண்டுவதும் எளிது, சயனைடு நீரில் கரைத்து எடுப்பதும் எளிது. முதல் ஓராண்டு எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். அதற்குக் கீழே உளுக்காத பாறை வரும்போது தங்கம் பைரைட்டுக்குள்ளும், ஆர்செனிக் கலந்த ஆர்சினோபைரைட்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத துகளாக இருக்கலாம். அப்படியானால் சயனைடு அதை எளிதில் தொட முடியாது. செலின்சிங் சுரங்கம் 2009இல் மேல்மட்டத் தாதுவை வைத்துத் தொடங்கியது. கந்தகத் தாதுவுக்குப் போனபோது 2022இல், அரைத்த கல்லிலிருந்து கந்தகத் தாதுவை நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கும் மிதப்பு முறை ஆலைக்கு மாற வேண்டியதாயிற்று. பெஞ்சோமில் வேறொரு சிக்கல். அங்குள்ள களிப்பாறையில் கரி கலந்திருக்கிறது. சயனைடு கரைத்த தங்கத்தை அதைப் பிடிப்பதற்காக ஆலையில் போடும் கரிக்கு முன்பே பாறையின் கரி பிடித்துக்கொள்கிறது. அதனால் அவர்கள் 1990களின் இறுதியில் கரிக்குப் பதில் பிசின் மணிகளைப் பயன்படுத்தும் முறைக்கு மாறினார்கள்.  இரண்டும் பணபலமும் உலோகவியலாளரும் கொண்ட நிறுவனங்கள். 20 ஹெக்டேர்க்காரர் அந்த மாற்றத்துக்கு எங்கே போவார்? ஆகவே ‘தரம் எவ்வளவு’ என்று கேட்ட மூச்சிலேயே ‘உளுத்த மட்டம் எவ்வளவு ஆழம், அதற்குக் கீழுள்ள கல்லில் பிரித்தெடுக்கும் சோதனை செய்தீர்களா’ என்று கேளுங்கள். பதிலுக்குத் தயங்கினால் அதுவே பதில்.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் நான் வழக்கறிஞர் அல்ல. மலேசியாவில் நிலம் யாருடையதானாலும் அடியிலுள்ள கனிமம் மாநில அரசுக்கு உரியது. தேடுவதற்கான உரிமம் வேறு, தோண்டி விற்பதற்கான பஜாக்கான் மெலொம்போங் எனப்படும் சுரங்கக் குத்தகை வேறு. பலர் முன்னதைக் காட்டிப் பின்னதைப் போலப் பேசுகிறார்கள். குத்தகை கிடைத்த பின்னும், 1994ஆம் ஆண்டின் கனிம மேம்பாட்டுச் சட்டப்படி சுரங்க இயக்கத் திட்டத்துக்குக் கனிம, புவி அறிவியல் துறையின் ஒப்புதல் வேண்டும். தங்கத் தாதுவைப் பதப்படுத்தும் ஆலைக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவை. குத்தகையின் எண்ணையும் காலாவதி நாளையும் வாங்கி, மாநில நிலம் மற்றும் கனிம அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். குத்தகை நிறுவனத்தின் பெயரிலா, வேறொருவர் பெயரிலா என்பதையும் பாருங்கள். பொதுமக்களிடம் பங்கு விற்பதற்கும் விதிகள் உண்டு. பங்குப் பரிவர்த்தனை ஆணையம், மத்திய வங்கியான பேங்க் நெகாரா இரண்டும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன. அதில் பெயர் இல்லாததால் மட்டும் ஒரு நிறுவனம் நல்லதாகிவிடாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சயனைடு நீரைச் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையைக் காட்டும் pH அளவை 10க்கு மேல் வைத்திருக்க வேண்டும். இறங்கினால் நச்சு வாயுவாக வெளியேறும். சயனைடாவது வெயிலில் மெல்லச் சிதையும். ஆர்சினோபைரைட்டிலிருந்து வரும் ஆர்செனிக் சிதையாது, கழிவுக் குளத்தில் அப்படியே கிடக்கும். 2014 டிசம்பரிலும் 2021 டிசம்பரிலும் பகாங்கில் வெள்ளம் எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். அத்தகைய மழையைத் தாங்கும் கழிவுக் குளத்துக்குச் செலவு அதிகம், சிறு நிறுவனங்கள் முதலில் கத்தரிப்பதும் அந்தச் செலவைத்தான். கீழ்ப்பக்கம் ஆற்றில் குளிப்பவர்களும் மீன் பிடிப்பவர்களும் இருப்பார்கள். பல இடங்களில் ஒராங் அஸ்லி பழங்குடிக் கிராமங்களும் இருக்கின்றன. இலாபத்தில் பங்கு கேட்பவர் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர் என்று நான் நம்புகிறேன். பாதரசத்தைக் கொண்டு தங்கம் பிரிக்கப் போவதாக யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு நேரான பதில். தேடுதலின் தொடக்கத்தில் இருக்கும் இடம், ஒற்றை மாதிரி, ஆறு மாத வாக்குறுதி ஆகிய மூன்றும் ஒன்று சேரும்போது, ஓய்வுக்காலப் பணத்தை அதில் போடாதீர்கள். துளையிடுவதற்கும் சோதனைகளுக்கும் ஒப்புதல்களுக்குமே ஆண்டுகள் ஆகும். ஆறு மாதத்தில் உற்பத்தி என்றால் அந்தப் படிகளில் பலவற்றைத் தாண்டிக் குதிக்கப் போகிறார்கள் என்று பொருள். உங்களை அழைத்த நண்பர் நல்லெண்ணத்தோடு அழைத்திருக்கலாம். அவரும் அதே சான்றிதழைத்தான் பார்த்திருப்பார். அவர் மனம் நோகாமல் மறுக்க வேண்டுமானால், துளைக் குறிப்புகளும் எல்லாத் துளைகளின் ஆய்வு முடிவுகளும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பூச்சியம் வந்த துளைகளும் அதில் இருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் நிலவியலாளர் சட்டப்படி பதிவுபெற்ற ஒருவர் கையெழுத்திட்ட அறிக்கையும், அறுத்த துளைக் கல்லின் மறுபாதியைப் பார்க்க அனுமதியும் கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்களுக்கு இவை எதுவும் கஷ்டமான கோரிக்கை அல்ல. கொடுத்தார்கள் என்றால், நிறுவனத்தின் பெயரை மறைத்துவிட்டு எண்களை மட்டும் இங்கே பதியுங்கள். துளைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று என்னால் படித்துச் சொல்ல முடியும். அதுவரை அந்த 50,000 வெள்ளி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.